கேன்டீன் கூரையில் ஒரு மரநாய்

என் அம்மா சாராள் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், ஓர் இரும்பு வார்ப்பாலையின் கேன்டீனில் சமையல் வேலை செய்தாள். போன ஜூலையில் இறந்துபோனாள். மாரடைப்பு. அடக்கம் முடிந்த மறுநாள், அவளோடு வேலை செய்த மணியம்மாள் எனக்கு இதைச் சொன்னார்.

கேன்டீனின் கூரைத் தகட்டுக்கும் அதன் அடியில் அடித்திருந்த அட்டைக்கும் நடுவே ஒரு மரநாய் குடியிருந்தது. பகலெல்லாம் தூங்கும். இருட்டியதும் பழம் தேடிப் போகும். விடியுமுன் திரும்பி, எப்போதும் ஒரே இடத்தில் எச்சமிடும். அந்த இடம் தண்ணீர்த் தொட்டியின் மூடி.

சுகாதார ஆய்வில் அது கண்ணில் பட்டால் கேன்டீன் கான்டிராக்ட் போகும். அங்கே சமைக்கும் பெண்களின் வேலையும் போகும். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா தினமும் முதல் ஆளாகப் போய் மூடியைத் தேய்த்துக் கழுவினாள். வாளியைப் பின்பக்கம் கொண்டுபோய், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் மணல் மேட்டில் கொட்டினாள். ஆலை கழித்துப்போட்ட வார்ப்பு மணல் அது.

நான் சுற்றுச்சூழல் பொறியியல் படித்தவன். மரநாயின் வயிற்றில் பழச்சதைதான் செரிக்கும். கொட்டை முழுசாக வெளியே வரும், தாய்மரத்தை விட்டு வெகு தூரத்தில். மடகாஸ்கர் காடுகளில் லெமூர் என்ற குரங்கு போன்ற விலங்குகள் செய்வதும் இதைத்தான். லெமூர் அழிந்த இடங்களில், அதை நம்பியிருக்கும் பெரிய கொட்டை மரங்கள் புதிதாக முளைப்பது குறைகிறது. அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது பயம்.

ஒருநாள் ஆலை மேலாளர் பூவராகவன், அட்டை இடுக்கில் தொங்கிய வாலைப் பார்த்துவிட்டார்.

"இன்னா சாராளம்மா, மேல யாரையோ வாடகைக்கு வெச்சிக்கினு கீற போல?"

"பூனை சார்."

"பூனைக்கு இம்மாம் பெரிய வாலா? நாளைக்குக் கூண்டு வருது. புடிச்சிக்கினு போயிடுவாங்க."

மணியம்மாளுக்கு நிம்மதி. "உடுக்கா, பேஜாரு ஒழிஞ்சிது" என்றார். மறுநாள் கூண்டு வந்தது. அம்மாவும் சரி என்றுதான், அதில் வாழைப்பழம் வைக்க ஏணியில் ஏறினாள். அட்டைக்கு மேல் குட்டிகள் கிடந்தன. இன்னும் கண் திறக்காதவை. பழத்தோடு இறங்கி நேராகப் பூவராகவனிடம் போனாள்.

"சார், குட்டி போட்டுக்கீது. தாயப் புடிச்சா அதுங்க செத்துடும். கொஞ்ச நாள் உடுங்க."

"தொட்டி மேல அசிங்கம் பண்ணிச்சின்னா? ஆய்வுக்கு வர்றவனுக்கு நீ பதில் சொல்றியா?"

"இப்பவும் அங்கதான் பண்ணுது சார். நான் டெய்லி கழுவிக்கினுதான் கீறேன்."

மணியம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"கழுவி எங்க கொட்டுற?"

அம்மா அவரைப் பின்பக்கம் அழைத்துப் போனாள். கம்பெனி நட்ட கன்றுகளெல்லாம் கருகிப்போன அந்த மேட்டின் ஓரத்தில், நாவலும் ஈச்சையும் அத்தியும் இடுப்பு உயரத்துக்கு நின்றன.

"இதெல்லாம் யாரு வெச்சது?"

"யாரும் வெக்கல சார். அது பேண்டது."

அவர் சிரித்துவிட்டார். அப்புறம் திட்டினார். அன்றைக்கே தொட்டியைக் காலி செய்து கழுவி, மேலே கம்பிவலை போட வைத்தார். கூண்டைத் திருப்பி அனுப்பினார். குட்டிகள் வளர்ந்து வெளியேறிய பிறகுதான் கூரை இடுக்கை அடைத்தார்கள். மரநாய் பழைய பம்ப் ரூமுக்குக் குடிபோனது. யாருக்கும் வேலை போகவில்லை.

மணியம்மாள் சொல்லும்போதே, கூண்டு திரும்பிப்போன அந்த நாள் எனக்கு நினைவு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. அம்மா கறி வாங்கி வந்து குழம்பு வைத்திருந்தாள். என்ன விசேஷம் என்று கேட்டேன்.

"ஒன்னியும் இல்ல. சூடா துன்னு" என்றாள்.