தராசக்கா உடைத்த பாகம்

முப்பரிமாண அச்சு இயந்திரம் உலோகத்தூளையும் மெழுகுப் பசையையும் குழைத்து அடுக்கடுக்காகக் கட்டித் தரும் பாகங்களை, கரைப்பான் தொட்டியில் ஊறவைத்துப் பசையை வெளியேற்றுவது அவள் வேலை. பசை போய்விட்டதா என்பதை எடை போட்டுப் பார்த்துத்தான் சொல்வாள். அதனால் பட்டறையில் அவள் பெயரே தராசக்கா.

அன்று தொட்டியிலிருந்து எடுத்த பன்னிரண்டு பாகங்களில் எடை போதிய அளவு குறையவில்லை. "இன்னும் ஒரு நாள் ஊறணும்" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மேலாளர் எகிறினார். "நல்லாப் பாரும்மா, கல்லு மாதிரி காஞ்சு கிடக்கு. இப்பவே உலையில ஏத்து."

பசை நீங்கிய பாகங்களைச் சுட்டு உலோகமாக இறுக்கும் உலையைக் கவனிப்பவன் அவள் கொழுந்தன். "விடுங்க அண்ணி, சார்கிட்ட எதுக்கு வம்பு?" என்று முணுமுணுத்தான்.

"நாறப்போறது உன் உலைதான், நீ சும்மா இரு."

அவள் ஒரு பாகத்தை எடுத்து மேசை விளிம்பில் ஓங்கித் தட்டினாள். பிஸ்கட் போல இரண்டாக உடைந்தது. ஓரமெல்லாம் வெளிறியிருக்க, நடுவில் மட்டும் கருப்பாக இருந்தது. அங்கே நகத்தால் கீறியதும் மெழுகு சுருண்டு வந்தது.

"சூடு ஏறினா இது கொதிச்சு வெளிய வர வழி தேடும். பாகம் கொப்பளிச்சு வெடிச்சிரும்."

"முழுசா இருந்ததை உடைச்சிட்டியே! இதுக்கு யாரு பதில் சொல்றது?"

தராசக்கா எடைத்தாளில் 'உடைத்தது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை அவரிடம் நீட்டினாள்.

"மீதி பதினொண்ணுக்கும் 'ஏத்தச் சொன்னது நான்'னு நீங்க எழுதுங்க சார்."

அவர் கை பேன்ட் பையை விட்டு வெளியே வரவில்லை. அவள் பேனாவை மூடிச் செருகிக்கொண்டு, பதினொன்றையும் தொட்டியில் இறக்கினாள்.