கிண்டல் நின்ற வீடு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாய் கொஞ்சம் நீளம். அதிலும் மாமியார் சிக்கினால் விடமாட்டார்.

"அத்தை விடற குறட்டையில பக்கத்துக் கட்டடத்து லிஃப்ட் தானா மேல போகுதாம்!"

மாமியாரும் சளைத்தவர் இல்லை. "நீங்க ரிப்பேர் பண்ணியும் ஓடாத லிஃப்ட் என் குறட்டைக்காவது ஓடுதே, சந்தோஷம் மாப்பிள்ளை!"

அப்படிப்பட்ட மாப்பிள்ளை சில மாதங்களாகக் கடுகடுவென்று இருந்தார். செருப்பு இடம் மாறினால்கூடக் கத்தினார். தோள் வலிக்கிறது, தலை வலிக்கிறது என்று தைலமும் கையுமாக அலைந்தார். லீவு நாளிலும் வேலைக்குக் கிளம்பினார்.

"வேலை ஜாஸ்திம்மா, விடு" என்றாள் மனைவி. அழவில்லை, படுத்துக் கிடக்கவில்லை, பிறகென்ன?

மாமியாருக்கு மனசு கேட்கவில்லை. கணவர் போன பிறகு அவர் தலைகூட வாராமல், நினைத்து நினைத்து அழுதபடி போர்வைக்குள் கிடந்தவர். உறவுக்காரர்கள் சோம்பேறித்தனம் என்று முணுமுணுத்தபோது, மருத்துவரிடம் அழைத்துப் போனவர் இந்த மாப்பிள்ளைதான். அது மனச்சோர்வு என்று அங்கேதான் தெரிந்தது. "எல்லாருக்கும் இது அழுகையா வராதும்மா. ஆம்பளைங்க நிறைய பேருக்குக் கோபமா வரும், உடம்பு வலியா வரும்" என்று மருத்துவர் அன்று சொன்னது இப்போது சுரீரென்று நினைவுக்கு வந்தது.

ஞாயிறு காலை, பைக்குள் ஸ்பானர்களைத் திணித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் எதிரே மாமியார் போய் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, என்னைக் கிண்டல் பண்ணி எவ்வளவு நாளாச்சு?"

"இப்ப அது ஒண்ணுதான் குறைச்சல்!"

"எனக்கு அதுதான் குறைச்சல். சரியா தூங்கறீங்களா?"

ஸ்பானர் கையிலேயே நின்றது. குரல் இறங்கியது. "எதுலயும் மனசு ஒட்டலை அத்தை. ஏன்டா விடிஞ்சுதுன்னு இருக்கு. வேலையில இருந்தா யோசிக்க வேண்டாம், அதான் ஓடறேன்."

"அன்னைக்கு நீங்க கூட்டிட்டுப் போனீங்க. இப்ப என் முறை. வரலைன்னா இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டாவது போவேன்."

அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்த மனைவி களுக்கென்று சிரித்துவிட்டாள். அவள் கண்ணில் நீரும் வந்தது. அவருக்கும் உதடு லேசாக நெளிந்தது.

மாத்திரை, மருத்துவரோடு மனம்விட்ட பேச்சு, தினமும் நடை. உடனே சரியாகிவிடவில்லை. முதலில் தூக்கம் வந்தது, பிறகு பசி. ஒருநாள் குளியலறையிலிருந்து விசில் சத்தம் கேட்டு, அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நடைக்குத் துணை மாமியார். "அத்தை, இது நடையா, பந்தயமா?" என்று மாப்பிள்ளை மூச்சிரைக்கப் பின்னால் ஓடுவார். எதற்கெடுத்தாலும் எரிந்து விழும் வேலைக் கூட்டாளி ஒருவரையும் பிறகு பேச்சுக் கொடுத்து இழுத்து வந்தார். இரண்டு ஆண்களும் திருப்பத்தில் கதையளந்து நிற்க, மாமியார் அடுத்த சுற்றுக்கே போய்விட்டார்.