ஒரே சஹனில் நான் முடித்துவைத்த கல்யாணம்

ஹூஸ்டன் ஹில்கிராஃப்டில் இரண்டு பிரியாணிக் கடை. அவற்றுக்குப் பின்னால் நானே வெல்டிங் வைத்துக் கட்டிய சமையல்கூடம். பேங்க்காரன் மூன்று தடவை திருப்பி அனுப்பியும் எழுப்பிய வீடு. என்னால் கிரீன் கார்டு வாங்கி, இன்று ஆளுக்கொரு கார் ஓட்டும் தம்பிகள். இவ்வளவும் ஏழாம் வகுப்போடு நின்றவன் செய்தது. ஆனால் நான் செய்ததிலேயே பெரியது என் மகளின் கல்யாணம். அதை மட்டும் யாரும் என் பெயரில் சொல்வதில்லை.

மகள் கலிபோர்னியாவில் ஒரு பெண்ணோடு இருந்தாள். இரண்டு வருஷம் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. 2008 கோடையில் அவர்கள் கல்யாணம் செய்துகொள்ள அங்கே சட்டம் வழிவிட்டது. அப்போது டிவியில் ஒரு நிகழ்ச்சி: ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணுமான ஜோடிகள் கல்யாணத்துக்குத் தயாரா என்று ஓர் ஆலோசகர் அம்மாள் ஒரு மாதம் சோதிப்பது. இவர்களும் அதில் சேர்ந்திருந்தார்கள். ஒரு சோதனை, பெற்றவர்கள் வீட்டில் ஒரு பகல் இருப்பது. உன் வாப்பா மனசார அழைக்காமல் இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாளாம். மகள் போனில் இதைச் சொன்னபோது, வரட்டும், கேமராக்காரர்களுக்கும் சேர்த்துச் சோறு போடுகிறேன், ஆனால் அவளோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்றேன்.

வந்தார்கள். அந்தப் பகல் நடந்ததா, தூக்கத்தில் கண்டதா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம் வரும். ஜன்னல்களில் வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைத்திருந்தார்கள். வீடு முழுக்கப் பால் கலந்த தண்ணீர் போல ஒரு வெளிச்சம். நான் எழுப்பிய சுவர்களே மிதப்பது போலிருந்தன. சத்தம் பதிவாகுமென்று ஏசியை நிறுத்தினார்கள். அந்த அமைதியில் பிரியாணியின் ஆவி மட்டும் அறை அறையாக நகர்ந்தது. அந்தப் பெண் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பெண், டாக்டர். சோபா ஓரத்தில் ஊசிக்குக் காத்திருக்கும் நோயாளி போல உட்கார்ந்திருந்தாள்.

மேஜையில் நாலு தட்டு வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் விருந்தென்றால் சஹன்தான்: ஒரே பெரிய தட்டு, சுற்றி உட்கார்ந்து எல்லோர் கையும் அதிலேயே. பழக்கத்தில் சஹனைக் கொண்டுவந்து பாயில் வைத்துவிட்டேன். டைரக்டர் தட்டுகளைக் காட்டினான். இது ஹோட்டல் இல்லை என்று தமிழிலேயே சொன்னேன். புரிந்துகொண்டான்.

நான், மனைவி, மகள் மூவரும் உட்கார்ந்தோம். அந்தப் பெண் மட்டும் நின்றாள்.

"வாப்பா, ஷீ இஸ் வெயிட்டிங் ஃபார் யூ" என்றாள் மகள்.

"நீங்கள் சொல்லாமல் நான் கை வைக்க மாட்டன் அங்கிள்" என்றாள் அந்தப் பெண்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் சஹனில் மூத்தவன் கறியைப் பிய்த்து மற்றவர்கள் பக்கம் தள்ளிவிட்டுத்தான் சாப்பிடுவான். கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. மனைவி பக்கம் ஒரு துண்டு, மகள் பக்கம் ஒரு துண்டு, காலியாக இருந்த பக்கமும் ஒன்று, நல்ல நெஞ்செலும்பு. நாலு பேரும் அதையே பார்த்தோம். அந்த வெளிச்சத்தில் அது எங்கேயோ தூரத்தில் இருப்பது போலத் தெரிந்தது. திருப்பி எடுத்திருக்கலாம். வைத்த கறியை எடுத்துப் பழக்கமில்லை எனக்கு.

"ஆறிடும். உக்காரும்மா" என்றேன்.

உட்கார்ந்தாள். அவள் விரல்கள் சோற்றில் என் விரல்களுக்குப் பக்கத்தில் வந்தன. நல்ல உறைப்பு என்றாள். இவரு கைக்கு மொளகா அளவு எப்பத் தெரிஞ்சுது என்றாள் என் மனைவி. மகள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். பாத்திரம் காலியாகும் வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த மாதமே கலிபோர்னியாவில் கல்யாணம் நடந்தது. நிகழ்ச்சியும் வந்தது. அதில் ஆலோசகர் அம்மாள் தன்னுடைய பயிற்சிகளால்தான் இந்த ஜோடி தயாரானது என்று நீளமாகப் பேசினார். என் கை மட்டும் வந்தது, மணிக்கட்டு வரை, ஒரு கண்சிமிட்டல் நேரம். என் மகளும் அந்த அம்மாளுக்குத்தான் நன்றி சொன்னாள். அவர் ஒரு மாதம் கேள்வி கேட்டார், இல்லையென்று சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்த அழைப்பு என் வாயிலிருந்துதானே போனது? கடைசியில் ஓடும் பெயர்களில் விளக்குப் பிடித்தவனுக்குக்கூட இடமிருக்கிறது. மறுபடி ஒளிபரப்பினால் அதில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: கல்யாணத்தை முடித்துவைத்தவர், பெண்ணின் வாப்பா. அதுவும் ஆலோசகருக்கு மேலே.