கம்பெனி பஸ் வரும்வரை சுங்கை சிப்புட்டில்

இந்த நேரத்தில் நம் தோட்டத்துக் குழுவில் வந்த என் செய்தியால் உங்கள் போன் சத்தம் போட்டிருந்தால் மன்னித்துவிடுங்கள். மகள் இப்போதுதான் தூங்கினாள். கொசுக்கடி காய்ச்சலாகிவிடுமோ என்று அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

பேராக் மாநிலத்தில் யாருக்கு என்ன மேற்படிப்பு தேவை, எந்த வேலைக்கு ஆள் தேவை என்று ஓர் ஆய்வு நடக்கிறது. நான் அதில் ஒப்பந்த வேலையில் இருக்கிறேன். மாலை வகுப்புகளை எங்கே திறப்பது என்பதை இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். நேற்று எனக்கு வந்தது சுங்கை சிப்புட்டைத் தாண்டி ஒரு தோட்டம். முன்பு ரப்பர் பால்மரம், இப்போது எண்ணெய்ச் செம்பனை. மகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு லீவு. அதனால் அவளும் பின்சீட்டில்.

ஈப்போவில் இரண்டு மணிக்குக் கிளம்பினோம். பழைய சாலையில் டோல் கிடையாது. முப்பத்தைந்து கிலோமீட்டர். கடைசி நான்கு கிலோமீட்டர் செம்மண், மழை பெய்தால் சின்னக் காரில் போகாதீர்கள்.

தொழிலாளர் லயத்து வீடுகளில் கதவு கதவாகத் தட்டினேன். வயசானவர்கள்தான் திறந்தார்கள். "படிக்க இங்க யாரும்மா இருக்கா? எல்லாம் கம்பெனிக்குப் போயிருச்சுங்க."

ஆய்வு மேற்பார்வையாளரைப் போனில் கூப்பிட்டேன். "அப்போ தேவை இல்லைன்னு போட்டுட்டு வாங்க லா, முடிஞ்சது."

படிவத்தில் அப்படியே போட்டுவிட்டேன். வண்டியைத் திருப்பும்போதுதான் உறைத்தது. காலையில் போனவர்கள் சாயங்காலம் திரும்பி வரத்தானே வேண்டும்?

தோட்டச் சாலை பிரியும் சிம்பாங்கில் காத்திருந்தோம். பிஸ்கட் தீர்ந்தது, இருட்டியது, மகள் அழுதாள். ஏழரைக்கு கம்பெனி பஸ் வந்தது.

"என்னா தங்கச்சி, காடி ரோசாக்கா?" என்றார் டிரைவர்.

"இல்லண்ணே, காடி நல்லாத்தான் ஓடுது. படிப்பு விசயமா இவங்ககிட்ட பேசணும்."

"பேசு பேசு. டிரைவருக்கும் டிப்ளோமா உண்டான்னு கேட்டுச் சொல்லு!"

இறங்கிய பெண்களில் கிரேஸ் என்பவள் மகளைத் தூக்கிக்கொண்டாள். ஆறு வருசமாக அதே மெஷினில் நிற்கிறாளாம். "டெக்னீஷியனாகணும்னா சிஜில் சர்ட்டிபிகேட் கேக்குறாங்கக்கா. வகுப்பு காலையில, ஈப்போவுல. காலையில நான் மெஷின் முன்னாடி. நீங்க பகல்ல வந்து கேட்டா பூனைதான் பதில் சொல்லும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அன்று பஸ்ஸில் வந்த பதினொரு பேரும் மாலை வகுப்பு வேண்டுமென்று பேர் கொடுத்தார்கள்.

இன்று காலை அந்தப் பட்டியலைக் கொடுத்ததும் மேற்பார்வையாளர், "ஆபீஸ் நேரத்துக்கு அப்புறம் எடுத்தது செல்லாது" என்றார்.

"அப்போ என் பேரை எடுத்துடுங்க. தேவை இல்லைன்னு என் பேர்ல போகக்கூடாது."

"கன்ட்ராக்ட் அடுத்த மாசம் முடியுதுல்ல?"

"தெரியும் சார்." ஆனாலும் என் பேரை எடுக்கச் சொன்னதிலிருந்து மாறவில்லை. கடைசியில் அவர் கொஞ்சம் இறங்கி வந்தார்: ஒரு தோட்டத்தை மட்டும் வைத்து மேலிடத்தில் பேச முடியாதாம், வெள்ளிக்கிழமைக்குள் வேறு தோட்டங்களின் பேர்ப்பட்டியலும் வேண்டுமாம். சரி, கொண்டு வருகிறேன்.

இந்தப் பக்கம் வருபவர்களுக்கு: ஏழு மணிக்குப் பிறகு வாருங்கள். கொசு மருந்து, பிள்ளைக்குச் சாப்பாடு, டார்ச்லைட் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலுக்கு இருபது வெள்ளி போதும். தோட்டத்தில் ஆள் இல்லை என்று யாராவது சொன்னால், பஸ் வரும்வரை நில்லுங்கள்.

உங்கள் தோட்டத்தில் கம்பெனி பஸ் எங்கே, எத்தனை மணிக்கு நிற்கும்? தயவுசெய்து நாளைக்குள் பதில் போடுங்கள்.