தேயிலைச் செடிக்கு ஊற்றிய தண்ணீர்

மலையேறக் கிளம்புகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறி ஊர் ஊராகத் திரிந்தவள். இப்போது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு மூட்டை தூக்கி மலை காட்டுகிறேன். நான் சொல்வதெல்லாம் ஒன்பது வயதில் ஒரு முற்பகலில் கேட்டவைதான். எட்டி வைக்காதீர்கள், சின்ன அடியாக வையுங்கள். மூச்சு வாங்கினால் நில்லுங்கள், உட்காராதீர்கள். அட்டைக்கு ஈரச் சவர்க்காரத்தைக் காலில் பூசுங்கள். கண்ணுக்குத் தெரிவதால் ஒரு இடம் பக்கத்தில் இருக்கிறது என்று நம்பாதீர்கள்.

எங்கள் ஊர் இலுப்பைக்கடவை. அங்கே ஏறி நிற்கக்கூடிய ஆக உயர்ந்த இடம் குளத்துக்கட்டு. கலவரத்துக்குப் பயந்து தேயிலைத் தோட்டத்தை விட்டு அங்கே வந்து குடியேறிய குடும்பம் அப்பாவுடையது. எங்களுக்கு வயல் இல்லை. அப்பா மற்றவர்களின் வயலில் கூலிக்கு நின்றார். ஆனால் அவருக்கு ஒரு மலை இருந்தது. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நான் சோறு கொண்டுபோவேன். வரப்பில் சாப்பிடும்போது யாராவது "மலைநாட்டான்" என்று இழுப்பார்கள். அன்பாகச் சொல்வதில்லை. அப்பா விடமாட்டார்.

"நீங்கள் மேடே காணாத சனம். எங்கட இடத்தில முகில் காலுக்குக் கீழ கிடக்கும்."

அதைக் கேட்க எனக்குப் பெருமையாக இருக்கும்.

போர் முடிந்து சில வருடங்களில், தோட்டத்திலேயே தங்கிவிட்ட அத்தையின் தொலைபேசி எண் எப்படியோ கிடைத்தது. அப்பாவுக்கு ஒரே அக்கா. என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். எங்கள் கிணறு உவர். நீண்ட பயணம் போகிற எவரும் தண்ணீர் இல்லாமல் படி இறங்கமாட்டார்கள். அப்பா இரண்டு பெரிய பிளாஸ்டிக் கான்களில் பவுசர் வண்டியில் வரும் நல்ல தண்ணீரை நிரப்பிக் கொண்டார். மூன்று பஸ் மாறி, மறுநாள் காலை தோட்டத்து அடிவாரத்தில் இறங்கினோம்.

மேலே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைகள் வரிசையாகத் தெரிந்தன.

"அந்தா நிக்குது. கால் மணித்தியாலம்" என்றார் அப்பா. வளைந்து போன பாதையை விட்டு, செடிகளுக்கு நடுவே நேராக ஏறினோம். ஒரு மணி நேரம் கழித்தும் கூரைகள் அதே அளவில்தான் இருந்தன. நடுவில் ஒரு பள்ளம் வேறு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அப்பா உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்திருந்தது. என் கால்களில் அட்டை ஏறியிருந்தது. மலையில் பிறந்தவருக்கு இப்படி ஆகலாமா என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

கொழுந்து மூட்டையோடு ஒரு பெண் அந்தப் பக்கம் வந்தார்.

"எங்க போறீங்க?"

"அந்த லயத்துக்கு, அக்கா. நான் இங்க பிறந்தனான்."

"கான்ல என்ன, மண்ணெண்ணெயா?"

"தண்ணி."

பத்தடி தள்ளி ஓடை சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவர் ஓடையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "தண்ணியவா மலைக்குத் தூக்கிட்டு வந்தீங்க? இங்க பொறந்த ஆளுன்னா சொன்னீங்க? கொட்டிட்டு வாங்க."

அப்பாவுக்குக் கொட்ட மனம் வரவில்லை. நல்ல தண்ணீரை மண்ணில் கவிழ்த்து அவருக்குப் பழக்கமில்லை. ஒரு தேயிலைச் செடியின் அடியில் குந்தியிருந்து, வழிந்தோடாமல், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். முதல் நாள் மழையில் அந்தச் செடி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"செடிக்கு விக்கல் எடுத்திருக்கும், பாவம்."

பிறகு அவர்தான் முன்னால் நடந்தார். எப்படி அடி வைப்பது, எங்கே நிற்பது என்று சொல்லிக்கொண்டே போனார். ஒரு வளைவில் "திரும்பிப் பாரு பாப்பா" என்றார். பார்த்தேன். நாங்கள் இறங்கிய ரோட்டில் ஒரு பஸ் தீப்பெட்டி அளவில் ஊர்ந்தது. அப்பா உட்கார்ந்திருந்த இடமும் தெரிந்தது. எங்கள் ஊரில் திரும்பிப் பார்த்தால் கடைசியாகக் கடந்த பனைதான் தெரியும். இங்கே காலையிலிருந்து நடந்ததெல்லாம் ஒரே பார்வையில் கிடந்தது. அதற்காகத்தான் இன்றைக்கும் ஏறுகிறேன்.

அத்தை வாசலுக்கு ஓடிவந்து அப்பாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இங்கேருந்து போறப்ப ஒனக்கு நாலு வயசு. இடுப்புல வச்சுக் கீழ ரோடு வரைக்கும் எறக்கிவிட்டேன். ஒன் காலு தரையில படவேயில்ல தம்பி." அப்பா சின்னப் பிள்ளைபோல் தலையாட்டினார். நான் யாரோ கையில் தந்த ரொட்டியைத் தின்றுகொண்டே அதையும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பியதும் வரப்பில் வயல்காரர் தொடங்கினார்.

"என்ன மலைநாட்டார், மலை அங்கதான் நிக்குதோ, தேய்ஞ்சு போச்சோ?"

அப்பா வாய் திறப்பதற்குள் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கானை, செடியை, அப்பா மூச்சு இளைத்து உட்கார்ந்ததை, நாலு வயதில் அத்தையின் இடுப்பில் இறங்கி வந்ததை. எல்லோரும் புரைக்கேறச் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

சில நாள் கழித்து, வரப்பில் சாப்பிடும்போது, புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் அப்பாவிடம் கேட்டார். "அண்ணை, மலையெல்லாம் எப்பிடி இருக்கும்?"

"எனக்குத் தெரியாது. பிள்ளையிட்டக் கேளுங்கோ."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை பெரியவர்களுக்கு நடுவில் என்னைச் சொல்லச் சொல்கிறார். எழுந்து நின்று, கையை ஆட்டி ஆட்டிச் சொல்லத் தொடங்கினேன். அப்பா பாதிச் சோற்றோடு பெட்டியை மூடிக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தார். கை கழுவத்தான் போகிறார் என்று அன்றைக்கு நினைத்தேன்.