கானிவல் வேண்டாமென்று வேண்டிக்கொண்டவள்

கொட்டாஞ்சேனையில் மைதானத்தைப் பார்த்தபடி இருக்கும் அந்த ஒழுங்கையில் ஐறீனைத் தெரியாதவர்கள் குறைவு. அவளுடைய குரலைக் கேட்டவர்களும் குறைவு. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். துறைமுகத்தில் வேலை செய்த கணவன் கிளறன்ஸ் நெஞ்சுவலியில் போன பிறகு, மீன் அடைத்த பற்றிஸ் சுட்டுத் தேநீர்க் கடைகளுக்குக் கொடுத்துச் சீவித்தாள். வருடத்தில் ஒருமுறை, ராட்டினமும் கடைகளும் போடும் கோயில் கானிவலில் அவளுக்கென்று ஒரு கடை இருக்கும். அங்கேயும் மாவைப் பார்த்துத்தான் பதில் சொல்லுவாள், முகத்தைப் பார்த்தல்ல.

கானிவலில் சேரும் காசு கோயிலின் முதிய பெண்கள் இல்லத்துக்குப் போகும். அந்த வருடம் இல்லத்துக் கூரை ஒழுகத் தொடங்கியிருந்தது. பந்தலுக்கும் வெளிச்சத்துக்கும் மாநகரசபை வழக்கமாகத் தரும் உதவித்தொகையைத் தருவதா இல்லையா என்று சபையில் விவாதம் வரப்போவதாகக் கதை அடிபட்டது.

"சல்லி தராட்டி இந்த வருசம் கானிவலே இல்லை," என்று மாதர் சங்கத் தலைவி மாக்ரெட் கோயில் வாசலில் எல்லாரும் கேட்கச் சொன்னாள். "நாங்கள் பத்துப் பொம்பிளையள் சபைக்குப் போய் மேல் வரிசையில இருக்கவேணும். எங்கட மூஞ்சையைப் பாத்துக்கொண்டு எப்பிடி இல்லையெண்டு சொல்லுவினம் பாப்பம்."

எல்லாரும் சிரித்தார்கள். ஐறீன் மட்டும் சிரிக்கவில்லை.

காரணம் வீட்டின் பின்னறையில் இருந்தது. கிளறன்ஸின் தங்கை மகள் பிறிஜெற், மன்னார்ப் பக்கத்திலிருந்து போரில் இடம்பெயர்ந்து, வவுனியாவில் கொடுத்த தற்காலிகப் பயணப் பாசோடு வந்து சேர்ந்தவள். அடையாள அட்டை ஓட்டத்தில் தொலைந்துபோயிற்று. அப்படி வருகிறவர்களை வந்த உடனே பொலிசில் பதிய வேண்டும். ஐறீன் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். பாசின் நாள் முடிந்தது. அதன் பிறகு போகவே பயம். குண்டு வெடித்த காலம் அது; பதியாதவர்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள். போன வருடம் கானிவலுக்கு முன் மைதானத்தைச் சுற்றிய வீடெல்லாம் சோதித்தார்கள். கட்டிலுக்கு அடியிலும் பார்த்தார்கள். அப்போது ஐறீனிடம் ஒளிக்க ஒன்றுமில்லை.

கானிவல் இல்லாவிட்டால் சோதனை இல்லை. அவளுடைய கணக்கு அவ்வளவுதான்.

விவாதத்தன்று காலையில், வழக்கப்படி பெண்கள் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றினார்கள். மாக்ரெட் கண்ணை இறுக மூடிக் கேட்டாள். பக்கத்தில் நின்ற ஐறீனும் கேட்டாள்: அந்தோனியாரே, அந்தச் சல்லியைக் கொடுக்க விடாதேயும். கேட்டு முடிந்ததும் இல்லத்துக் கிழவிகளின் ஈரப் பாய்கள் நினைவுக்கு வந்தன. அவள் மாக்ரெட்டின் முகத்தைப் பார்க்கவில்லை.

சபையில் பார்வையாளருக்கான மேல் வரிசை வாங்கில் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். அவர்களுடைய வட்டார உறுப்பினர் ஒஸ்வால்ட் எழுந்து, ஒழுகும் கூரையைப் பற்றி உருக்கமாகப் பேசினார். மஹ்ரூப் என்ற உறுப்பினர் மறித்தார்.

"கூரை ஒழுகுது எண்டா கூரைக்குக் கேளுங்க. நீங்க ராட்டினத்துக்குக் கேக்கிறீங்க. நாளைக்கு எங்கட பள்ளிவாசலும் ராட்டினம் கேட்டா, சபையே சுத்தத் தொடங்கிரும்."

சபை சிரித்தது. "அந்த மனுசனுக்கு நாக்கு நீளம்," என்று மாக்ரெட் பல்லைக் கடித்தாள். ஐறீன் அந்த மனுசனுக்காகச் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

உதவித்தொகை தோற்றது. ஐறீனுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு முழுதாக இறங்குமுன், மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு சிங்கள உறுப்பினர் எழுந்தார். காசு வேண்டாம், மைதானத்தையும் மின்சாரத்தையும் வாடகையில்லாமல் கொடுப்போம், சுற்றியுள்ள வீடுகளைப் பொலிசார் முன்கூட்டியே சோதிக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை என்றார். ஒருவரும் எதிர்க்கவில்லை. மஹ்ரூப்கூடக் கையை உயர்த்தினார்.

அவள் கேட்டது கிடைத்துவிட்டது. சல்லி கொடுக்கவில்லை. சல்லியைப் பற்றி மட்டும் கேட்டது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அப்போதுதான் உறைத்தது.

படியிறங்கும்போது ஐறீன் பாதியில் நின்று சுவரைப் பிடித்தாள்.

"என்ன பிள்ளை, சந்தோசத்தில மயக்கமா?" என்று கேட்டாள் மாக்ரெட்.

"மாக்ரெட் அக்கா... வீட்டில ஒரு பிள்ளை இருக்கு. பதியேல்லை."

மாக்ரெட்டின் சிரிப்பு நின்றது. முன்னும் பின்னும் பார்த்தாள். ஒரு படி கீழே விலகிக்கூட நின்றாள். ஐறீன் அதைக் கவனித்தாள். பிறகு மாக்ரெட் அந்த ஒரு படியையும் திரும்ப ஏறி வந்து, அவளுடைய கையைக் கிள்ளுவதுபோலப் பிடித்தாள்.

"விசரி! அவங்கள் வந்து பிடிச்சா அது ஒளிச்சது. நாங்களாப் போனா அது பிந்தினது. நாளைக்குக் காலமை வெளிக்கிடு."

பிறிஜெற்றுக்கு வேறு யோசனை இருந்தது. "மாமி, நான் வத்தளையில கூட்டாளி வீட்டை போறன். சோதனை முடிய வாறன்."

"வத்தளைப் பாலத்தில மறிச்சுப் பாஸ் கேப்பாங்கள். நீ எங்கயும் போகேல்லை," என்றாள் ஐறீன். தன் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது.

பொலிஸ் நிலையத்தில் பிறிஜெற்றை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்கள். மாக்ரெட் மேசையில் இருந்த பொலிஸ் சாஜனுடன் சிங்களத்தில் ஓயாமல் பேசினாள். கோயிலைச் சொன்னாள், கூரையைச் சொன்னாள், பற்றிஸைக்கூடச் சொன்னாள். சாஜன் அவளை விட்டுவிட்டு ஐறீனைப் பார்த்தார். ஏன் இவ்வளவு நாளாகக் கூட்டி வரவில்லை?

"பய ஹிந்தா, மஹத்தயா," என்றாள். பயத்தினால்தான் ஐயா.

அப்படியென்றால் இப்போது பயமில்லையா என்று கேட்டார்.

"இப்பவும் பயம்தான்."

அவர் பேனையை எடுத்து ஏதோ எழுதினார். உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அதுதான் ஐறீனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. வெயில் சாய்ந்த பிறகு கதவு திறந்தது. அழுத முகத்தோடு, ஆனால் நடந்தே, பிறிஜெற் வந்தாள். பதிந்துவிட்டார்கள். கிழமைக்கு ஒருமுறை வந்து கையெழுத்து வைக்க வேண்டும்.

கானிவலுக்கு முதல் நாள், விடிந்தும் விடியாத நேரத்தில், ஒழுங்கைக்குள் சப்பாத்துச் சத்தம் வந்தது. ஐறீன் கதவைத் திறந்துவிட்டு நின்றாள். இளம் பொலிஸ்காரன் ஒருவன் பதிவுத்தாளைப் பார்த்தான், பிறிஜெற்றைப் பார்த்தான், மறுபடி தாளைப் பார்த்தான். கட்டிலுக்கு அடியில் ரோர்ச் வெளிச்சம் அடித்தான். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான்.

பக்கத்து வீட்டுக் கதவை அவர்கள் தட்டத் தொடங்கியபோது, பிறிஜெற் எழுந்து கதவைச் சாத்தப் போனாள்.

"விடு பிள்ளை," என்றாள் ஐறீன். சேலைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். "மூடினா ஒளிக்கிறம் எண்டு நினைப்பாங்கள். திறந்தே கிடக்கட்டும்."