ஏழு தரம் வயிறு எழும்பும்

"நிமிர்ந்து நில்லடி! குதி நிலத்தில முட்டோணும். கழுத்தை ஏன் ஆமை மாதிரி உள்ளுக்கை இழுக்கிறாய்?"

சனிக்கிழமை காலை ஏழு மணி. பாலாம்பிகை மாமி தன் சின்ன மகள் கோபிகாவைச் சமையலறைக் கதவுநிலையோடு சாத்தி நிறுத்தி, அவள் தலையில் கோர்ன் ஃபிளேக்ஸ் பெட்டியைப் படுக்கையாக வைத்து, வாயில் கவ்வியிருந்த பென்சிலை எடுத்துக் கோடு போட்டார். கண் முழுக்கப் பெட்டியின் விளிம்பில். கோபிகாவின் நீளப் பாவாடை தரையைத் தொட்டுக்கொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், ஆனால் அப்போது அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை.

பிள்ளைகள் உள்ள வீடுகளில் கதவுநிலையில் பிள்ளைகளின் உயரம் இருக்கும். மாமி வீட்டில் அதற்கு முன்பே றோலர் கோஸ்டர்களின் உயரம் இருந்தது. நீலக் கோடு நம்மூர் மொன்றியலின் லா றோன்ட் பூங்கா. பச்சை, ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள வொண்டர்லாண்ட். சிவப்பு, அமெரிக்க எல்லைக்கு அப்பால் லேக் ஜோர்ஜ் பக்கம் ஒன்று. எந்தக் கோட்டை எட்டினால் எதில் ஏறலாம் என்று பக்கத்திலேயே உருண்டைக் கையெழுத்தில் எழுதியிருக்கும். வீட்டுச் சொந்தக்காரர் ஒருமுறை பெயின்ற் வாளியோடு வந்தபோது மாமி அந்தக் கதவின் முன்னால் இரு கைகளையும் விரித்து நின்று, "நோன், மெர்சி" என்று பிரெஞ்சில் மறுத்துத் திருப்பி அனுப்பினாராம். இன்றுவரை அந்த வீட்டில் மற்ற எல்லாக் கதவும் வெள்ளை, அது மட்டும் பழுப்பு.

"கால் அங்குலந்தான் குறையுது. சப்பாத்தோட சரிவரும். இஞ்சரப்பா! சரிவரும்!"

உள்ளே கூலருக்குள் ஐஸ் அடுக்கிக்கொண்டிருந்த கணவர் சிவநேசம் மாமா, "உனக்குச் சரிவருமோ, இல்லாட்டி அவளுக்கோ?" என்று கேட்டார். மாமி காதில் வாங்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த நாட்காட்டியில் ஜூலையின் அந்தச் சனிக்கிழமையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். உள்ளே இரண்டே சொற்கள்: 'கோபி, நான்.'

மாமிக்கு ஐம்பத்திரண்டு வயது. செயின்ட் மிஷேலில் எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில் குடியிருக்கிறார். ஆள் கட்டை. நடை மட்டும் பஸ்ஸைப் பிடிக்கப்போகிறவருடையது. சுடிதாருக்குக் கீழே ஓடுகிற சப்பாத்து, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் கட்டிய மூக்குக் கண்ணாடி. அந்தக் கயிறு றோலர் கோஸ்டருக்காகவே கட்டியது. முதல் கண்ணாடி செயின்ட் லோரன்ஸ் ஆற்றோடு போய்விட்டது என்பது அவர் சொல்லும் கணக்கு. இரண்டு வருடங்கள் ஊர் ஊராக அலைந்துவிட்டு இந்த வசந்தத்தில் நான் திரும்பி வந்தபோது, மற்றவர்கள் எல்லாம் "இனி என்ன செய்யப்போறாய்?" என்று கேட்டார்கள். மாமி கேட்டது வேறு.

"பெருவில பாக் இருந்ததோ?"

"மலை இருந்தது மாமி."

"மலை கிடக்கட்டும். றோலர் கோஸ்டர்?"

"பார்க்கேல்லை."

"வியட்நாமில?"

"அதுவும் பார்க்கேல்லை."

"ரண்டு வரியம் போய் நிண்டு என்னதான் பாத்தனி?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

பொழுதுபோக்குப் பூங்காக்களை அளக்க மாமியிடம் ஓர் அலகு இருக்கிறது. வயிறு. பெட்டி உச்சியிலிருந்து விழும்போதும் மேடுகளில் துள்ளும்போதும் வயிறு மட்டும் தனியே கிளம்பி நெஞ்சுக்கு வருமே, அது எத்தனை தரம் என்பதுதான் கணக்கு. விழும்போதே விரல் மடித்து எண்ணுவார். "லா றோன்டில மரத்தால கட்டினது, மொன்ஸ்டர், அதில மூண்டு தரம் எழும்பும். கோலியாத்தில ஐஞ்சு. லேக் ஜோர்ஜில நாலு, ஆனால் ஒண்டு அரைவாசி." எல்லையில் ஏன் வருகிறீர்கள் என்று அதிகாரி கேட்டதற்கு, உறவினர், திருமணம் என்றெல்லாம் சொல்லாமல், "றோலர் கோஸ்டர், சேர்" என்று நேராகச் சொன்னவர் அவர். அதிகாரி பின் சீற்றில் அடுக்கியிருந்த புட்டுச் சட்டியையும் மாமியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்காபரோவிலிருந்து தங்கை ஞானாம்பிகை தொலைபேசியில் வருவார். பத்து நிமிடம் சுகம் விசாரிப்பு, நாற்பது நிமிடம் போர். மாமி ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு வெங்காயம் உரிப்பார்.

"அக்கா, உங்கட லா றோன்ட் எங்கட பாக்கின்ர கார் நிப்பாட்டிற இடத்துக்கை அடங்கும்."

"அடங்கட்டும். உங்கட உச்சியில நிண்டு பாத்தால் என்ன தெரியும்? ஹைவே. எங்கட உச்சியில ஆறு, பாலம், முழு மொன்றியலும் தெரியும்."

"கண்ணை மூடிக்கொண்டு விழுறதுக்கு ஆறு என்னத்துக்கு?"

"நீ மூடுவாய். நான் மூடமாட்டன்."

ஒரு ஞாயிறு அழைப்பு முடிந்ததும் என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "இந்த முறை ரொறன்ரோவில புதுசு ஒண்டு திறந்திருக்கினம். மே மாசம் போனனாங்கள். ஏழு தரம் பிள்ளை! ஏழு தரம் வயிறு எழும்பினது! அவளுக்குச் சொல்லிப்போடாதை."

மாமிக்கு வேலை, ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மலையாக வரும். மாமியும் சிசிலி என்ற ஹெயிட்டிப் பெண்ணும் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, கைகளை உயர்த்தி உதறி, மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, மீண்டும் விலகுவார்கள். எட்டு மணித்தியாலம். இயந்திர இரைச்சலில் ஒரு சொல் பேச முடியாது. "பதினொரு வரியம் அவளுக்கு முன்னால நிக்கிறன். அவளின்ர குரல் எப்பிடியிருக்கும் எண்டு எனக்குச் சரியாத் தெரியாது," என்பார் மாமி. றோலர் கோஸ்டரில் மாமி கத்துவது வெறும் பயத்தில் அல்ல. ஒரு வாரம் முழுக்கச் சேர்த்து வைத்தது அது.

அன்று லா றோன்டுக்கு மாமாவின் வான் வண்டியில் நான்கு பேர் போனோம். மூத்த மகள் தாட்சாயினி வேலை கிடைத்து ரொறன்ரோவுக்குப் போய்விட்டாள். அவளுடைய இடத்தில் நான். ஜாக் கார்த்தியே பாலத்தில் ஏறியதும் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே சக்கரங்களும் வளைவுகளும் வெட்டி வெட்டித் தெரிந்தன. மாமி இருக்கையிலேயே துள்ளினார். "பார், பார், ஓடுது! ஆக்கள் இருக்கினம்! லைன் சின்னன்!" கோபிகா மடியில் பூங்காவின் வரைபடத்தை விரித்து வைத்திருந்தாள். பத்து வயது. எந்தக் கழிவறை எங்கே, எந்த மரத்தடியில் தண்ணீர்க் குழாய் என்று எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அக்காவின் பழைய பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் நிற்கும்படி மாமி மடித்துத் தைத்துக் கொடுத்திருந்தார். காற்சட்டை போடச் சொன்னதற்கு அவள் மாட்டேன் என்றுவிட்டாள்.

முதலில் மொன்ஸ்டர். கோபிகா தள்ளி ஒரு மரத்தடியில் வரைபடத்தோடு காத்திருந்தாள். மாமிக்குப் பக்கத்தில் நான். சங்கிலி 'டக் டக் டக்' என்று பெட்டியை மேலே இழுக்கத் தொடங்கியதும் மாமி இரண்டு கைகளையும், விரிப்பின் மூலையைப் பிடிப்பதுபோல, உயர்த்தினார். பிறகு முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"திருப்பிப் போகப்போறியோ?"

"ஓம் மாமி. செப்டெம்பரில."

"அம்மாட்டச் சொன்னனீயோ?"

"இல்லை."

"சொல்லு," என்றார். அதற்குள் உச்சி வந்துவிட்டது. ஆறு தெரிந்தது. விழுந்தோம்.

கீழே இறங்கி நான் ஒரு வாங்கில் உட்கார்ந்தபோது, மாமிக்கு மூச்சு வாங்கியது, முகம் முழுக்கச் சிரிப்பு. "பாத்தியே? அம்மாட்டையே சொல்லாததை எனக்குச் சொல்லிப்போட்டாய். மேல ஏறேக்கை ஆரும் பொய் சொல்லமாட்டினம். தாட்சாயினி எட்டு வரியம் எனக்குப் பக்கத்தில இருந்தவள். சோதினையில விட்டதையும் அதிலதான் சொன்னவள், அந்தப் பெடியன்ர கதையையும் அதிலதான் சொன்னவள். வீட்டில கேட்டால் வாய் திறவாள். மேல ஏறுறதுக்கிடையில சொல்லி முடிக்கோணும். பேந்து ரண்டு பேரும் கத்துறதுதான். ஏசிறதுக்கு நேரமில்லை." கண்ணாடியைத் துடைத்தார். "இப்ப சின்னவள் ஒண்டும் சொல்லுறாள் இல்லை. பள்ளிக்கூடத்தால வந்து அறைக்கதவைச் சாத்திறாள். கேட்டால் 'சா வா', நல்லாயிருக்கிறன் எண்டு பிரெஞ்சில ரண்டு சொல்லு. உயரம் வரட்டும் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான். இண்டைக்குக் கோலியாத்தில ஏத்திப்போடுவன்."

மத்தியானம் வெளியே போய்ச் சாப்பிட வேண்டும். வாசலில் கையில் முத்திரை குத்துவார்கள். அதைக் காட்டினால்தான் திரும்ப உள்ளே விடுவார்கள். மாமி எங்களுக்கு முன்னால் ஓடிப்போய் நின்று, வெளியே வந்துகொண்டிருந்த முன்பின் தெரியாத ஒரு தமிழ்க் குடும்பத்தையும் சேர்த்துக் கத்தினார். "இடக்கை! எல்லாரும் இடக்கையைக் குடுங்கோ!" முதல் வருடம் வீட்டிலுள்ள அத்தனை பேரும் வலக்கையில் குத்திக்கொண்டு போய், புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் பிசைந்து தின்று, சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து நின்றார்களாம். முத்திரை போய்விட்டது. மாமி வலக்கையை நீட்டி, "மணந்து பாருங்கோ, இப்பதான் சாப்பிட்டனாங்கள்" என்று வாதாடியிருக்கிறார். காவலாளி உண்மையிலேயே மணந்து பார்த்துவிட்டு உள்ளே விட்டார் என்பது மாமியின் பதிப்பு. ரிக்கெற்றைத் தேடிக் காட்டியதால்தான் விட்டார் என்பது மாமாவின் பதிப்பு.

வானின் பின்கதவு திறந்தது. மாமா மடக்குக் கதிரையில் பேப்பரோடு இருந்தார். அவருக்கு முத்திரை தேவையில்லை. நாள் முழுக்க அவர் காவல் காப்பது கூலரை. புட்டு, முட்டைப் பொரியல், சம்பல், பக்கத்துக் காருக்கு நீட்டக் கட்லட். மாமி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார். "கனக்கத் தின்னாதை கோபி. வயிறு எழும்ப இடம் வேணும்."

கை கழுவப் போகும்போது கோபிகா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, ஒரு சீக்ரெட். அம்மாட்டச் சொல்லக்கூடாது."

"என்ன?"

"நான் பெரிசா வளந்திட்டன்."

"அதிலென்ன சீக்ரெட்?"

"கதவில அளக்கேக்கை நான் முழங்காலை மடிக்கிறனான். உள்ளுக்கை. பாவாடையால தெரியாது. மூண்டு மாசமா மடிக்கிறன்." சவர்க்கார நுரையைப் பார்த்தபடி சொன்னாள். "ஜே பேர், அக்கா. கனக்கப் பயம்."

"அம்மாட்டச் சொல்லன். அவ ஒண்டும் சொல்லமாட்டா."

"அம்மா கலண்டரில எழுதி வச்சிருக்கிறா," என்றாள்.

சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் குழாயை மூடினாள்.

இடக்கைகளை நீட்டி உள்ளே நுழைந்தோம். மாமி பறந்தார். கோலியாத்தின் வரிசையில் முன்னால் நின்ற கியூபெக் தம்பதிக்கும் பின்னால் நின்ற இளைஞர்களுக்கும், கோபிகாவின் தோளைத் தட்டித் தட்டி, "மா ஃபீய்! ப்ரெமியேர் ஃபுவா!" என்று அறிவித்தார். மகள், முதல் தடவை. அவர்களும் கைதட்டினார்கள். ஒவ்வொரு வண்டியும் தலைக்கு மேலே இரைந்து போகும்போது மாமி விரல் மடித்து எண்ணிக் காட்டினார். "இந்தா ஒண்டு... இந்தா ரண்டு... பயப்பிடாதை, நாலாவதுதான் நல்லது!" கோபிகா வரைபடத்தைச் சின்னச் சின்னதாக மடித்துக்கொண்டே வந்தாள். தீப்பெட்டி அளவுக்கு வந்துவிட்டது.

வரிசையின் முனையில் அளவுகோலோடு ஒரு பெண் நின்றாள். சிவந்த மூக்கு, தொப்பி. கோபிகாவைக் கையசைத்துக் கூப்பிட்டாள். கோபிகா போய்க் கோலோடு ஒட்டி நின்றாள். கோட்டுக்கும் தலைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி.

மாமி முகம் சுருங்கியது. "சரிவரோணுமே! காலமை அளந்தனான், சப்பாத்தும் போட்டிருக்கிறாள்..." கழுத்துக் கயிற்றில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கிட்டப் போனார். தலையைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். பிறகு, அந்த மூன்று மாதத்தில் முதல் தடவையாகக் கீழே பார்த்தார்.

கணுக்காலுக்கு மேல் நிற்க வேண்டும் என்று அவரே அளந்து மடித்துத் தைத்த விளிம்பு, சீமெந்துத் தரையில் கிடந்தது.

அளவுகோல் பெண்ணும் எதையோ உணர்ந்திருக்க வேண்டும். சிரித்தபடி, "நேராக நில்லு, செல்லம்," என்று பிரெஞ்சில் சொன்னாள். பின்னால் இளைஞர்கள் மீண்டும் கைதட்டத் தொடங்கினார்கள். கோபிகா அம்மாவை ஒருமுறை பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பாவாடை விளிம்பு தரையிலிருந்து மெல்லக் கிளம்பியது. தலை கோட்டை நோக்கி ஏறியது.

"இல்லைப் பிள்ளை," என்று மாமி அந்தப் பெண்ணிடம் தமிழிலேயே தொடங்கி, பிறகு பிரெஞ்சுக்கு மாறினார். "த்ரோ ப்தீத். இன்னும் சின்னன்."

சொல்லிக்கொண்டே கோபிகாவின் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து, கோட்டுக்குக் கீழே போகும்வரை மெல்ல அமர்த்தினார்.